ஜார்ஜ் என்றால் வீரனும் இல்லை, அரசனும் இல்லை

குழந்தைக்கு ஜார்ஜ் என்று பெயர் வைக்க நினைத்து இணையத்தில் பொருள் தேடினால் ‘வீரன்’, ‘அரசன்’ என்றெல்லாம் வரும். இரண்டையும் நம்பாதீர்கள். குதிரைமேல் இருந்து டிராகனைக் குத்தும் புனிதர் படமும் இங்கிலாந்து ராஜாக்களும் மனதில் பதிந்துபோனதால் வந்த குழப்பம் என்றுதான் நினைக்கிறேன்.

உண்மையான பொருள் உழவர். கிரேக்கத்தில் ‘கே’ என்றால் மண், ‘எர்கான்’ என்றால் வேலை; இரண்டும் சேர்ந்து ‘கேயோர்கோஸ்’, அதாவது மண்ணில் பாடுபடுகிறவர். நாம் பள்ளியில் படித்த ஜியோகிராபியில் முன்னால் நிற்பது அந்த மண்தான், இயற்பியலில் வேலையை அளக்கிற ‘எர்க்’ அந்த வேலைதான். இவ்வளவு அழகான பொருளை விட்டுவிட்டு வாளையும் கிரீடத்தையும் ஏன் மாட்டிவிட வேண்டும்?

அடுத்து, இது ஆங்கிலேயர் பெயர் என்று நினைப்பது. புனித ஜார்ஜ் இங்கிலாந்துப் பக்கமே போனவர் இல்லை, ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தவர். 1714-ல் இங்கிலாந்தில் அரியணை ஏறிய முதலாம் ஜார்ஜ்கூட ஜெர்மனியின் ஹானோவரில் பிறந்தவர்தான்.

வர்கீஸ் என்பதைத் தனிப் பெயராக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. சிரியாக் மொழி வழியாகக் கேரளத்துக்கு வந்து கீவர்கீஸ் ஆகி, அப்புறம் வர்கீஸ், வர்க்கி என்று சுருங்கிய அதே ஜார்ஜ்தான் அது. ரஷ்யாவில் யூரி, ஸ்பெயினில் ஹோர்ஹே, ஜெர்மனியில் யூர்கன், எல்லாம் ஒரே வேர். ஆனால் ஜார்ஜியா நாட்டை இதில் சேர்க்காதீர்கள், அந்தப் பெயர் பாரசீக மொழி வழியாக வந்தது என்பதே ஆய்வாளர்கள் பரவலாக ஏற்பது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் வேறு கதை, அது இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் பெயர்.

சென்னைக்காரர்களே செய்கிற தவறு ஒன்று உண்டு: ஜார்ஜ் கோட்டைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் ஒரே ஆளின் பெயர் என்று சொல்வது. கோட்டை 1644 ஏப்ரல் 23 அன்று, புனித ஜார்ஜின் திருநாளில் கட்டி முடிந்ததால் அவர் பெயரைப் பெற்றது. அப்போது இங்கிலாந்தில் ஜார்ஜ் என்ற பெயரில் ஒரு ராஜாவும் இருந்ததில்லை. பக்கத்தில் ‘பிளாக் டவுன்’ என்று வெள்ளையர்கள் அழைத்த பகுதிக்குத்தான் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பெயரை வைத்தார்கள்.