ஜவ்வாது மலையில் கிராவல் சைக்கிள்: பத்திர ஆபீஸுக்குப் போவதற்கு முன் படிக்கவும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வரும்போது கிராவல் சைக்கிளையும் (ஜல்லி, மண் பாதைகளுக்கான அகன்ற டயர் சைக்கிள்) பெட்டியில் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்காக இது. ஜவ்வாது மலையில் சைக்கிள் ஓட்ட ஏற்ற காலம் தை பிறந்து மாசி முடியும் வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்த மண்பாதைகள் அதற்குள் இறுகியிருக்கும், ஓடைகளில் கொஞ்சம் தண்ணீரும் மிச்சமிருக்கும். பங்குனியில் ஓடை வற்றிப் பாறை சுடும். ஆவணி, புரட்டாசியில் மாலை நேரத்து இடிமழைக்கு ஒதுங்க இடம் கிடைக்காது. சிக்கல் என்னவென்றால், சொந்தக்காரர்கள் பத்திரம் பதிய நாள் பார்ப்பதும் இதே தையில்தான். ஆடியில் வெறிச்சோடிக் கிடக்கும் சார்பதிவாளர் அலுவலகம் தையில் தேர்க்கூட்டமாகிவிடும். அதைப் பற்றிப் பிறகு விரிவாக.

மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. நடுவில் ஜமுனாமரத்தூர். ஏறுவதற்கு போளூர் வழி, அமிர்தி வழி, ஆலங்காயம் - காவலூர் வழி என மூன்று உண்டு. பை கட்டிய சைக்கிளுக்குக் காவலூர் வழிதான் என் பரிந்துரை. காவலூரின் உயரம் சுமார் 725 மீட்டர். வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருப்பதற்குக் காரணமே இருட்டுதான், அதனால் ஆறு மணிக்கு மேல் ஓட்டும் எண்ணம் வேண்டாம். கரடி நடமாட்டமும் உண்டு.

தார்ச்சாலையில் மட்டும் போவதென்றால் இந்தச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கவே வேண்டாம். அதிலிருந்து சிற்றூர்களுக்குப் பிரியும் ஜல்லிப் பாதைகளும் செம்மண் தடங்களும்தான் விஷயம். இரண்டு பக்கமும் சாமைக் கொல்லை, பலா, புளி. செய்யாறும் கமண்டல நாகநதியும் பிறப்பது இந்த மலையில்தான். சரிவில் இறங்கும் எந்தத் தடமும் கடைசியில் ஓர் ஓடையில் போய் முடியும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், அது கணுக்கால் அளவே இருந்தாலும், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். சிமென்ட் மேல் படிந்த பாசியில் 45 மில்லிமீட்டர் டயர் என்ன, எந்த டயரும் நிற்காது. முழங்கால் அளவு என்றால் திரும்பிவிட வேண்டியதுதான். மேலே பெய்த மழை கீழே வந்து சேரச் சிறிது நேரம் ஆகும். வானம் தெளிந்திருக்கிறதே என்று நம்பி இறங்கக் கூடாது.

காப்புக் காட்டுக்குள் போகும் தடங்களுக்கு வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஊர்ச்சாலைகளுக்கு அது தேவையில்லை. சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் முறைத்துக்கொள்ள வேண்டாம், இது சந்தன மலை. அரசின் சந்தனக் கிடங்கு திருப்பத்தூரில் இருப்பதும் சும்மா இல்லை.

இனி சைக்கிள். 700-க்கு 45 டயர் (700 சக்கர அளவு, 45 மில்லிமீட்டர் அகலம்), உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ், ஒவ்வொன்றிலும் 90 மில்லி சீலன்ட் (முள் குத்திய ஓட்டையை அடைக்கும் திரவம்). நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், மேற்கொண்டு ஒரு சிறு புட்டி கொண்டுவாருங்கள். ஓட்டுபவர் 75 கிலோ, பை ஆறு கிலோ என்றால் முன்னால் 28, பின்னால் 32 பிஎஸ்ஐ காற்று போதும். அடிவாரத்தில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் பாதையோரம் போட்டிருப்பார்கள், பஞ்சர் பெரும்பாலும் அங்கேதான், மலைமேல் இல்லை. நம் ஊர் பஞ்சர் கடைக் குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது. நம் சைக்கிளில் இருக்கும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான பித்தளை அடாப்டர் ஒன்று சட்டைப் பையில் இருந்தால், எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். முன் பல்சக்கரத்தில் 40 பல், பின்னால் 11 முதல் 42 பல் வரை இருந்தால் ஏறிவிடலாம். அதைவிடக் கடினமான கியர் என்றால் ஜல்லிச் சரிவில் பின் சக்கரம் வழுக்கும், முட்டிக்கும் கேடு. டெரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டு) உபரியாக ஒன்று கட்டாயம். விமானத்தில் முதலில் வளைவது அதுதான், உங்கள் மாடலுக்கானது திருப்பத்தூரில் கிடைக்காது. சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க் பிரேக் பேட்களுக்கு நடுவே அட்டை செருகாவிட்டால், பெட்டிக்குள் லிவர் அழுந்திப் பேட்கள் ஒட்டிக்கொள்ளும். செம்மண் தூசிக்கு எண்ணெய் ஆகாது, சங்கிலிக்கு மெழுகுதான்.

சரி, பத்திர ஆபீஸ்.

நீங்கள் வந்து இறங்கிய இரண்டாம் நாள், காபி டம்ளரை வைத்துவிட்டு அண்ணனோ சித்தப்பாவோ பேச்சைத் தொடங்குவார்: "ஒரே ஒரு கையெழுத்துதான் தம்பி. காலைல போயிட்டு மத்தியானம் வந்துடலாம்." நம்பாதீர்கள். பெரும்பாலும் அது விடுதலைப் பத்திரம், பூர்வீக நிலத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பது. எழுதிக்கொடுப்பவரோ, அவரிடம் அதிகாரப் பத்திரம் (பவர்) வாங்கியவரோ நேரில் வர வேண்டும். படம் எடுப்பார்கள், கைரேகை வைப்பார்கள், அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகள் வேண்டும். முதல் நாள் மூலப்பத்திரம் பீரோவில் இருக்காது, பெரியப்பா வீட்டில் இருக்கும். இரண்டாம் நாள் பட்டாவில் தாத்தா பெயரே இருப்பது தெரியவரும், வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம் போக வேண்டும். அங்கே அப்பாவின் இறப்புச் சான்றிதழில் இனிஷியல் வேறாக இருக்கும். பிறகு டோக்கன் கிடைத்த நாளில் சர்வர் வேலை செய்யாது. ஓடிபி எல்லாம் இந்திய எண்ணுக்கு வரும், உங்கள் பழைய சிம் செத்து எத்தனையோ வருடம். உங்கள் பாஸ்போர்ட்டில் பெயர் முழுதாக விரிந்திருக்கும், பத்திரத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கும், இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். பக்கத்து மர நிழலில் டைப் அடிப்பவருக்கு இது தினசரி வருமானம். இதற்குள் தையின் நல்ல வாரம் போய்விடும், சைக்கிள் பெட்டியைப் பிரித்தே இருக்க மாட்டீர்கள்.

ஆகவே கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே நீங்களே கேளுங்கள்: "ஏதாவது கையெழுத்து வேண்டுமா?" கேட்க வாய் கூசும், ஆனாலும் கேளுங்கள். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இணையத்திலேயே எடுத்துப் பெயர், இனிஷியல், சர்வே எண் மூன்றையும் ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் நீங்கள் வருவதற்குள் ஊரில் இருப்பவர் திருத்தி வைக்கட்டும். அதைவிடச் சுலபமானது, நீங்கள் வசிக்கும் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அந்த ஒரு வேலைக்கு மட்டும் அதிகாரப் பத்திரம் எழுதிச் சான்றொப்பம் வாங்கி அனுப்பிவிடுவது. அது இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இங்கே பலர் கோட்டை விடுகிறார்கள். பொது அதிகாரம் கொடுக்காதீர்கள், சர்வே எண் குறிப்பிட்ட தனி அதிகாரம் போதும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் விவசாய நிலத்தை வாரிசு உரிமையில் பெறலாம், விலைக்கு வாங்க முடியாது. "உன் பேர்லயே பக்கத்துக் கொல்லையையும் வாங்கிப் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டி வைக்காதீர்கள்.

கையெழுத்துக் கேட்கும் அண்ணன் மேலோ சித்தப்பா மேலோ நமக்கு வரும் கோபம் நியாயமா என்றால், முழுக்க இல்லை. வரப்புத் தகராறுக்குப் பஞ்சாயத்துப் போனவர் அவர். மோட்டார் எரிந்தபோதும் அம்மாவை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோதும் இருந்தவர் அவர். நாம் அனுப்பியது பணம். கையெழுத்தைப் போடுங்கள். தேதியை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள்: முதலில் மலை, பிறகு ஆபீஸ். வரிசையை மாற்றினால் மலை கிடையாது. படவேடு ரேணுகாம்பாள் உங்கள் குலதெய்வம் என்றால் ஒரு வசதி உண்டு, கோவில் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. போளூர் வழி இறங்குகிற நாளில் வீட்டாரைக் காரில் அங்கே வரச் சொல்லிவிடலாம். ஆடி வெள்ளியில் மட்டும் அந்தப் பக்கம் சைக்கிளோடு போகாதீர்கள்.

தங்குமிடம்: வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் 'சி ஃபார்ம்' (வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம்) பதிய வேண்டும். சின்ன லாட்ஜ்கள் அந்தத் தொல்லைக்குப் பயந்தே அறை இல்லை என்பார்கள். போனில் முதல் கேள்வியாக இதைக் கேட்டுவிடுங்கள்.

நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் நிறுத்துங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ஊசி இலவசம். முதல் ஊசியோடு விமானம் ஏறிவிடாதீர்கள், தேதி எழுதிய சீட்டை வைத்திருந்து மிச்சத்தைத் திரும்பிப் போன நாட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து திரும்புகிறவர்கள் பெட்டி கட்டுமுன் டயர் வரிகள், பெடல், ஷூவின் கிளீட் (பெடலில் மாட்டும் அடிக்கட்டை), சேற்றுத் தடுப்பின் உட்புறம் எல்லாவற்றையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். படிவத்தில் மண்பட்ட சைக்கிள் என்று ஒளிக்காமல் எழுதுங்கள். எழுதினால் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கழுவச் சொல்வார்கள். மறைத்து மாட்டினால் அபராதம்.