மதில் இடிக்க நோட்டீஸ் வந்தால்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் பத்திரம் எழுதும் என்னிடம் நகராட்சி, பேரூராட்சி நோட்டீஸோடு ஆட்கள் வருவது வழக்கம். முதலில் நான் கேட்பது நோட்டீஸ் வந்த கவரைத்தான். எறிந்துவிடாதீர்கள், நோட்டீஸ் வந்த நாளுக்கு அது சான்று, நாள் கணக்கு அந்த நாளிலிருந்துதான் தொடங்கும்.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: நோட்டீஸ் பதிவுத் தபாலில் வர வேண்டும், கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். கையில் கிடைத்த நாளிலிருந்து குறைந்தது 15 நாள் அவகாசம், நேரில் விசாரணை. இடிக்க உத்தரவு போட்டாலும் மேலும் 15 நாள் காத்திருக்க வேண்டும். நோட்டீஸில் பழைய தேதி போடும் வேலைக்கும் வழியடைக்க, நோட்டீஸ் விவரத்தை ஆட்சியர் அலுவலகத்துக்கு உடனே மின்னஞ்சலில் தெரிவிக்கச் சொன்னது. நல்ல ஏற்பாடு!

ஆனால் சாலை, நடைபாதை, ஆறு, குளம் ஆக்கிரமிப்புக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நம் மாவட்டத்தில் எங்கே திரும்பினாலும் குளம்தானே. அதனால் பட்டா, புலப்பட (உங்கள் நிலத்தின் அளவை வரைபடம்) நகல் எடுத்து, சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். நம் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த, 1956க்கு முந்தைய காலத்துப் பத்திரம் மலையாளத்தில் இருந்தால் மொழிபெயர்த்து வையுங்கள்.

அப்புறம் பதில். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள் (பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது).

சாலையை அகலப்படுத்த உங்கள் பட்டா நிலத்தையே கேட்டால் அது ஆக்கிரமிப்பு அல்ல, கையகப்படுத்தல். முறையான நடைமுறையும் நியாயமான இழப்பீடும் வேண்டும் என்று 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. நிலத்தை இலவசமாகத் தருகிறேன் என்ற ஒப்புதலில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கெடுவுக்கு முன்பே இடிக்க வந்தால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட வக்கீலைப் பாருங்கள்.