சம்பள நாளில் உக்கிராணக் கணக்கு

கல்யாண வீட்டில் உக்கிராண அறையின் சாவி ஒருவர் இடுப்பில் இருக்கும், பெரும்பாலும் தாய்மாமா. உள்ளே இருக்கும் அரிசியும் சர்க்கரையும் அவருடையவை அல்ல. பந்திக்கு வேண்டியதை நேரத்துக்கு அளந்து அனுப்புவதே அவர் வேலை. வாரி இறைத்தாலும் தப்பு, பூட்டி வைத்து இலை முன்னால் ஜனங்களைக் காக்க வைத்தாலும் தப்பு. தமிழ் வேதாகமத்தின் "உக்கிராணக்காரன்" இவர்தான். லூக்கா 16-இல் எஜமான் அவனிடம் கேட்பது, "உன் உக்கிராணக்கணக்கை ஒப்புவி". நம் கைக்கு வரும் சம்பளமும் அப்படித்தான், கர்த்தர் நம்மிடம் ஒப்புவித்தது. ஆகவே காணிக்கைக் கவரைத் தொடுமுன் கணக்கு நோட்டைத் திறக்க வேண்டும்.

ஒரு மாதம் எல்லாச் செலவையும் எழுதுங்கள். 20 ரூபாய் டீ, கூகுள் பேயில் போன 149 ரூபாய், எதையும் விடாதீர்கள். அன்றன்று இரவே எழுதுவது நல்லது. வாரக் கடைசியில் உட்கார்ந்தால் சில்லறைச் செலவு பாதி மறந்திருக்கும். மாத முடிவில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் எழுத்துப் போடுங்கள்: தேவைக்கு "தே", வசதிக்கு "வ", பிறர் பார்வைக்கு வாங்கியதற்கு "பி". கணவனும் மனைவியும் சேர்ந்து போடுங்கள். நன்றாக ஓடுகிற போனை மாற்றியது, ஒரே ஒரு விசேஷத்துக்கு எடுத்த பட்டு, இவற்றுக்கு "பி" போடக் கை தயங்கும். அந்தத் தயக்கத்தைத்தான் ஜெபத்தில் கொண்டுபோக வேண்டும். குறைக்கத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

அடுத்தது சம்பள நாள். "தன்தன் வரவுக்குத் தக்கதாக" சேர்த்துவைக்கச் சொல்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 16:2). மாசக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுக்கலாம் என்றிருந்தால் எதுவும் மிஞ்சாது. கைக்கு 30,000 வந்தால் அன்றே 3,000-ஐ ஏடிஎம் கார்டும் யுபிஐயும் இல்லாத தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். சபைக்கு 1,500, மிஷனெரி ஊழியத்துக்கு 700, ஏழைகளுக்கு 800 என்று பிரிக்கலாம். ஏழைகளின் பங்கை விட்டுவிடாதீர்கள். உபாகமம் 14:28, 29-இல் மூன்றாம் வருடத்துத் தசமபாகம் ஆலயப் பணி செய்யும் லேவியனுக்கு மட்டுமல்ல, பரதேசிக்கும் (வேறு தேசத்தானுக்கும்) திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது.

பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் காணிக்கை போடுவதை இயேசு கண்டித்திருக்கிறார் (மாற்கு 7:11-13). அவர்களுடைய மருந்துச் செலவு முதலிடத்தில் இருக்கட்டும். நூறு போட்டால் ஆயிரமாக வரும் என்று எண்ணிக் கொடுப்பது கர்த்தரோடு பேரம் பேசுவது. அந்த ஆயிரம் வராத மாதத்தில் விசுவாசமும் ஆட்டம் காணும்.

கடன்தான் பெரிய ஓட்டை. கிரெடிட் கார்டில் 20,000 நிற்கிறது, வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வையுங்கள். வட்டி 700, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126. வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை 1,000 என்றால், அதைக் கட்டியும் அசலில் குறைவது 174 ரூபாய்தான். "கடன்வாங்கினவன் கடன்கொடுத்தவனுக்கு அடிமை" என்ற நீதிமொழி (22:7) இந்த 174-இல் கண்ணுக்குத் தெரிகிறது. வட்டியில்லா இஎம்ஐ என்பதிலும் செயலாக்கக் கட்டணமும் வட்டிமேல் ஜிஎஸ்டியும் வரலாம். மொத்தப் பணம் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கார்டுக் கடன் தீரும்வரை காணிக்கையை 1,000 ஆக்கி, 2,000-ஐக் கடனுக்குத் திருப்பலாம், தவறில்லை. ஆனால் பழைய அளவுக்குத் திரும்பும் மாதத்தை இன்றே நோட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்த 1,000 அப்படியே நிலைத்துவிடும்.

கிறிஸ்துமஸ் துணிக்கு டிசம்பரில் தடுமாற வேண்டாம். வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு 2,000. ஐந்தாவதாக ஒரு செட்டையும் கணக்கில் சேருங்கள். அப்பா இல்லாத ஒரு பிள்ளைக்கு, அதே கடையில், அதே விலையில். மொத்தம் 10,000. ஜனவரி முதல் நவம்பர் வரை மாதம் 910 எடுத்துவைத்தால் கையில் இருக்கும். ஆன்லைனில் பிடித்த பொருளைக் கூடையில் போட்டு ஏழு நாள் விடுங்கள். எட்டாம் நாளும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள்.

சம்பளமே இல்லாத வீட்டிலும் காணிக்கையாகப் பிடி அரிசி வைக்கலாம். சமையலுக்கு அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்ட பிறகு, அதிலிருந்து ஒரு பிடி திரும்ப எடுத்துத் தனி டப்பாவில் போடுங்கள். மூட்டையிலிருந்து கூடுதலாக அள்ளினால் வீட்டுச் சாப்பாட்டில் எதுவும் குறையாது. அளந்ததிலிருந்து எடுத்தால்தான் அது உங்கள் தட்டிலிருந்து போனது. பிடி 40 கிராம், நாளுக்கு ஒருமுறை என்றாலும் மாதம் 1.2 கிலோ. வண்டு வராமல் நாலு காய்ந்த மிளகாய் போடுங்கள், டப்பாவில் ஈரம் இருக்கக் கூடாது. வீட்டில் சாப்பிடுவது பொன்னி என்றால் டப்பாவிலும் பொன்னியே இருக்கட்டும், ரேஷன் அரிசி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்கு எடுத்துப்போகப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.