மீள்சுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோக முன்

மட்டக்களப்பானாலும் அம்பாறையானாலும், உங்கள் மாநகர சபையோ பிரதேச சபையோ எதை எடுக்கிறது, எந்தக் கிழமையில் எடுக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சபை எடுப்பதை அடுத்த சபை எடுக்காது.

வீட்டில் நான்கு உரப்பை வையுங்கள்: பிளாஸ்டிக், கடதாசி, கண்ணாடி, தகரம். நிலையத்தில் இவற்றுக்கான நிறங்கள் செம்மஞ்சள், நீலம், சிவப்பு, கபிலம். பச்சை, உக்கும் குப்பைக்கு. கறித்தண்ணி பட்ட கடதாசி மீள்சுழற்சிக்கு உதவாது. சாப்பாட்டு மிச்சத்தைப் பொலித்தீனில் கட்டி எறிவதுதான் பெரிய பிழை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் அதைப் பையோடு சேர்த்தே விழுங்குகின்றன.

அதிகம் பிழைப்பது பிளாஸ்டிக்கில்தான். சோடாப் போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்றிருக்கும், அது பிளாஸ்டிக் வகையின் எண். அதன் மூடி வேறு பிளாஸ்டிக். பேசினில் தண்ணி விட்டு வெட்டிய துண்டுகளைப் போட்டுப் பாருங்கள்: போத்தல் தாழும், மூடி மிதக்கும். மூடியைக் கழற்றி வேறாகப் போடுங்கள். பிறகு போத்தலை மிதித்து நசுக்கினால் ஒரு உரப்பையில் இரண்டு மடங்கு கொள்ளும். மூடியோடு நசுக்கினால் காற்று வெளியே போகாது. 3 என்று இருப்பது பிவிசி, அதை 1 உடன் சேர்க்கவே வேண்டாம். போத்தல் பிளாஸ்டிக் உருகுவது ஏறத்தாழ 250 பாகை செல்சியஸில்; அந்தச் சூட்டில் பிவிசி கருகி, உருக்கிய முழுவதையும் நிறம் மாற்றிவிடும்.

எண்ணெய்ப் போத்தலுக்கு இளஞ்சூட்டுத் தண்ணியும் ஒரு தேக்கரண்டி சலவைத்தூளும் விட்டுக் குலுக்கி ஊற்றுங்கள். கொதிதண்ணி விட்டால் போத்தல் சுருங்கிவிடும். பால்மாப் பைக்கற்றில் பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒட்டியிருக்கும். பெரும்பாலான நிலையங்கள் அதைத் திருப்பி அனுப்பும். கடைப் பற்றுச்சீட்டும் கடதாசியோடு சேராது.

டின்மீன் பேணியைப் பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணியில் அலசி, வெட்டிய மூடியை உள்ளே தள்ளி வாயை நெரித்துவிடுங்கள். தரம் பிரிப்பவரின் கையை அது கிழிக்கக்கூடாது. உடைந்த கண்ணாடியை மட்டையில் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள். பற்றரி, சிஎஃப்எல் மின்குமிழ் இரண்டையும் எந்தப் பையிலும் போட வேண்டாம். குமிழுக்குள் பாதரசம் இருக்கிறது. இரண்டையும் நிலையத்தில் இருப்பவரின் கையில் தனியாகக் கொடுங்கள்.

கார்த்திகை, மார்கழி மழைக்குக் கடதாசிப் பை கூரைக்குள் இருக்க வேண்டும். பேணிகளைக் கவிழ்த்தே வையுங்கள், இல்லாவிட்டால் நுளம்பு பெருகும்.