எல்இடி போட்டதும் இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறதா? ரிலேயைப் பாருங்கள்

நான்கு இண்டிகேட்டர் பல்பையும் கழற்றிவிட்டு எல்இடி போட்டு, சாவியைத் திருப்பி, ஆசையாக சுவிட்சைத் தள்ளினால் கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி துடிக்கிறது. என் ஸ்ப்ளெண்டரில் இதேதான் நடந்தது. பல்பு மட்டமான சரக்கு என்று நினைத்து, வாங்கிய கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். நீங்கள் போகாதீர்கள், தப்பு பல்பில் இல்லை.

சுவிட்சுக்கு முன்னால் பிளாஷர் ரிலே என்று ஒரு சின்ன டப்பா இருக்கிறது. கரண்டை விட்டு விட்டுக் கொடுப்பது அதன் வேலை. பழைய பல்பு ஒன்று 10 வாட், முன்னும் பின்னுமாக ஒரு பக்கத்துக்கு 20 வாட், 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் சுமார் 1.7 ஆம்பியர். நிறைய ரிலேக்கள் இந்த அளவு கரண்ட் போனால்தான் நிதானமாக அடிக்கும். குறைந்தால் "ஒரு பல்பு போயிடுச்சு, கவனி" என்று ஓட்டுகிறவருக்குச் சொல்ல வேகமாக அடிக்கும். நாம் போட்ட எல்இடி இரண்டும் சேர்ந்தே 3 வாட் இருந்தால் அதிகம், கால் ஆம்பியர்தான் இழுக்கும். ரிலே பாவம், பல்பு போய்விட்டது என்றே நினைக்கிறது. பழைய வண்டிகளில் சூடேறி வேலை செய்யும் ரிலே இருந்தால் இன்னும் வேடிக்கை, அடிக்கவே அடிக்காமல் விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

முதலில் நோய் இதுதானா என்று பாருங்கள்

ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு எல்இடியையும் எடுத்துவிட்டுப் பழைய பல்புகளைப் போடுங்கள். அந்தப் பக்கம் ஒழுங்காக அடித்தால் சந்தேகமே வேண்டாம், ரிலேதான். அப்படியில்லாமல் எல்இடி நான்கும் இருக்கும்போதே ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் வேகமாகவும் அடித்தால், வேகமாக அடிக்கும் பக்கத்து ஹோல்டரைக் கழற்றி, பச்சை பிடித்திருக்கிறதா, எர்த் வயர் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு ரிலே வாங்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

ரெசிஸ்டரா, ரிலேயா?

இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, ஒவ்வொரு பக்கமும் எல்இடிக்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் வைத்து, அது கூடுதல் கரண்ட் இழுப்பதால் பழைய பல்பே இருப்பதாக ரிலேயை ஏமாற்றுவது. நான் முதலில் செய்தது இதைத்தான். 10 ஓம் ரெசிஸ்டர், என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வந்தால் எரியும் நேரத்தில் 20 வாட் வரை சூடாக வெளியேற்றும். அதை நான் பின் மட்கார்டுக்கு உள்ளே பிளாஸ்டிக்கோடு சேர்த்து டேக் போட்டுக் கட்டியிருந்தேன். ஒரு நாள் ரயில்வே கேட்டில் வலது இண்டிகேட்டரைப் போட்டபடியே ரொம்ப நேரம் நின்றதில் பின்னாலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தால் டேக் இளகி, மட்கார்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பள்ளம். அதோடு, எல்இடியில் மிச்சம் பிடித்த கரண்டை ரெசிஸ்டரில் எரிப்பதில் என்ன லாபம்? போட்டே தீருவேன் என்றால் இரும்புச் சட்டத்தில் திருகிப் போடுங்கள், நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரண்டாவது வழி எல்இடிக்கான எலக்ட்ரானிக் ரிலே. எவ்வளவு குறைவாகக் கரண்ட் போனாலும் ஒரே வேகத்தில் அடிக்கும். பெரிய விலையும் இல்லை. பழைய ரிலேயைக் கையோடு கொண்டுபோய், அதே எண்ணிக்கையில் பின் (அடியில் நீட்டியிருக்கும் உலோகக் கால்) உள்ளதாகக் கேளுங்கள்.

மாற்றும் விதம்

ரிலே எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும்: சைடு கவருக்குள், டேங்குக்கு அடியில், ஹெட்லைட் டூமுக்குள். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் காதால் தேடுங்கள். டிக் டிக் சத்தம் வரும் டப்பாவை விரலால் தொட்டால் அதிர்வு தெரியும். பஸ்ஸர் மாட்டியிருந்தால் அதை முதலில் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் கேட்காது.

ரிலேயின் அடியில் பி, எல் என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். பி பேட்டரியிலிருந்து வருவது, எல் விளக்குக்குப் போவது. மூன்றாவதாக ஈ இருந்தால் அது எர்த். வண்டியின் சாக்கெட்டில் எது எது என்று தெரியவில்லையா? ரிலேயைப் பிடுங்கி, சாவியைப் போட்டு, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் பிடித்து, சிவப்பு முனையை ஒவ்வொரு துளையிலும் தொடுங்கள். 12 காட்டும் துளைதான் பி. வயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஹோண்டா வழி வண்டிகளில் இடது ஆரஞ்சு, வலது வெளிர் நீலம், எர்த் பச்சை என்று இருக்கும், ஆனால் செகண்ட் ஹேண்ட் வண்டியில் முந்தைய மெக்கானிக் கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார்.

அப்புறம் சாவியை அணைத்துவிட்டு, பி-க்கு பி, எல்-க்கு எல் வருகிற மாதிரி புது ரிலேயைச் செருகுங்கள். பழைய ரிலே சிலவற்றுக்கு மாற்றிச் செருகினாலும் ஓடும், எலக்ட்ரானிக் ரிலே பல நேரம் ஓடாது. அடிக்கவில்லை என்றால் முதலில் இதைத்தான் சரிபாருங்கள். மூன்று பின் ரிலேக்கு எர்த் வயர் இல்லாவிட்டால் சட்டத்தின் ஒரு போல்ட்டிலிருந்து புதிதாக ஒன்று இழுங்கள், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு.

வேகத்தைச் சரிபார்க்க 15 விநாடி எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 என்பது விதி, ஆக 15-லிருந்து 30-க்குள் வந்தால் சரி.

நான்கும் சேர்ந்து மின்னினால்

மீட்டரில் இடது வலது இரண்டுக்கும் ஒரே பைலட் விளக்கு உள்ள வண்டிகளில் இந்தத் தொல்லை வரும். அந்தக் குட்டி பல்பின் ஒரு வயர் இடதுக்கும் இன்னொன்று வலதுக்கும் போகிறது. இடதைப் போட்டால் கரண்ட் அதன் வழியாக வலதுக்குக் கசியும். அந்தக் கசிவு 10 வாட் பல்பை எரிக்கப் போதாது, எல்இடிக்குத் தாராளம். கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு, 1என்4007 என்று கேட்டு இரண்டு வாங்குங்கள், சில்லறைக் காசுதான். பைலட்டின் இரண்டு வயரையும் வெட்டி, வண்டிப் பக்கத்து முனைகள் ஒவ்வொன்றிலும் ஒரு டயோடு, வெள்ளைக் கோடு உள்ள பக்கம் பைலட்டைப் பார்த்தபடி. இரண்டு டயோடின் கோட்டுப் பக்கத்தையும் ஒன்றாக முறுக்கிப் பைலட்டின் ஒரு முனையில் சாலிடர் வையுங்கள். மறுமுனையை எர்த் செய்துவிடுங்கள். மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி இறுகுவது) போட்டு மூடுங்கள், டேப் மழைக்காலத்தில் பிசுபிசுத்து அவிழும்.

இன்னொன்று. புது ரிலே பல்பு போனால் சொல்லாது, இரண்டில் ஒன்று செத்தாலும் அதே வேகத்தில் அடிக்கும். அதனால் வண்டி கழுவும்போதெல்லாம் இரண்டு பக்கமும் போட்டு, ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள்.