பைத்தானில் ஒரு ஜீரோ டிரஸ்ட் மாதிரி: மணலி கன்டெய்னர் யார்டை வைத்துச் செய்து பார்ப்போம்

மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கேட் கிளார்க், ஒரு கணக்கர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர், கன்டெய்னர் பதிவேடு, பில் விவரம். ஆபீஸ் வைஃபையில் இணைந்துவிட்டால் எதையும் திறக்கலாம் என்பது பழைய ஏற்பாடு. அதில் ஒரு கம்ப்யூட்டர் கெட்டவர் கையில் சிக்கினாலே மொத்த யார்டும் போச்சு. உள்ளே இருக்கிறார் என்பதற்காக யாரையும் நம்பாதே, ஒவ்வொரு கோரிக்கையையும் சோதி என்பதுதான் ஜீரோ டிரஸ்ட். ஃபாரஸ்டர் என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது ஜான் கிண்டர்வாக் 2010இல் முன்வைத்தது இது.

பைத்தான் 3 போதும். வேறெதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

படி 1: மூன்று டிக்‌ஷனரி எழுதுங்கள். பயனர்கள், கம்ப்யூட்டர்கள் (அப்டேட் ஆகியுள்ளதா என்ற குறிப்போடு), யாருக்கு எதில் என்ன அனுமதி.

படி 2: லாகின் ஆனதும் பயனர் பெயர், கம்ப்யூட்டர் எண், காலாவதி நேரம் மூன்றையும் சேர்த்து, ரகசியச் சாவியால் கையொப்பம் போடும் எச்மேக் (hmac) மாட்யூலில் ஷா-256 (sha256) கொண்டு கையொப்பமிட்டு டோக்கன் கொடுங்கள். ஒவ்வொரு கோரிக்கையோடும் காட்ட வேண்டிய சீட்டு அது. ஆயுள் 300 விநாடி.

படி 3: முடிவெடுக்கும் ஃபங்ஷன். இங்கே நிதானமாக இருங்கள். தொடக்கத்திலேயே பதில் ‘மறுப்பு’ என்று இருக்கட்டும். கையொப்பம் சரியா, நேரம் மிச்சம் இருக்கிறதா, கம்ப்யூட்டர் இந்த நொடியில் அப்டேட்டாக உள்ளதா, கேட்ட வேலைக்கு அனுமதி உண்டா: நான்கும் தேறினால் மட்டுமே ‘அனுமதி’. ஐபி முகவரியை இந்த ஃபங்ஷனுக்குள் விடவே வேண்டாம். நிஜ அமைப்புகளில் அதுவும் ஒரு துப்பாகப் பயன்படும். ஆனால் கற்கும்போது சேர்த்தால், ‘ஆபீஸ் ஐபிதானே, விட்டுவிடு’ என்று பழைய பழக்கம் மெல்ல நுழைந்துவிடும்.

படி 4: பதிவேட்டையோ பில் விவரத்தையோ தொடும் எல்லா அழைப்பும் ஒரே காவல் ஃபங்ஷன் வழியாகப் போகட்டும். அது படி 3இடம் கேட்கும், பதிலை அமல்படுத்தும், காரணத்தையும் லாக் (log) ஃபைலில் எழுதும். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020இல் வெளியிட்ட 800-207 ஆவணமும் முடிவெடுப்பதையும் அமல்படுத்துவதையும் இப்படித்தான் பிரிக்கிறது.

படி 5: இப்போது நீங்களே தாக்குங்கள். கேட் கிளார்க்காக பில் விவரம் கேளுங்கள், மறுக்க வேண்டும். டோக்கனில் ஒரு எழுத்தை மாற்றுங்கள், மறுக்க வேண்டும். அப்புறம் முக்கியமானது: கணக்கர் லாகின் ஆகி ஒரு பில்லைப் பார்த்த பிறகு, அவர் கம்ப்யூட்டரின் அப்டேட் குறிப்பைப் ‘பழையது’ என்று மாற்றுங்கள். டோக்கனுக்கு இன்னும் ஆயுள் இருக்கும். ஆனாலும் அடுத்த கோரிக்கையை மறுக்க வேண்டும். மறுக்கவில்லை என்றால், கம்ப்யூட்டர் நிலையை லாகின் நேரத்தில் மட்டும் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தச் சோதனையை படி 3க்கு நகர்த்துங்கள்.

டோக்கனை அப்படியே திருடி வேறு கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினால் இந்த மாதிரி ஏமாந்துவிடும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி ரகசியச் சாவி கொடுத்து, கோரிக்கையையும் அதனால் கையொப்பமிடச் செய்து பாருங்கள்.