கலாக்டஸ் துரையா, மண்டோரா? அண்டப் பெருசுகளை அடுக்குவது எப்படி

மலேசியாவில், பத்தாங் பெர்சுந்தை ஒட்டுக்கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆறிக்கொண்டிருந்தபோது அக்கா மகன் கேட்டான்: "மாமா, கலாக்டஸும் தானோஸும் மோதினா யாரு ஜெயிப்பா?"

தோட்டத்துப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? செம்பனைக் குலையை ஒற்றை ஆளாகத் தூக்கி லோரியில் எறிகிறவர்தான் தோட்டத்திலேயே பலசாலி. ஆனால் பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, அவர் பெயரைக் கூப்பிடுவது கங்காணியான மண்டோர். கையெழுத்துப் போடுவது தோட்ட நிர்வாகியான துரை. மார்வல் காமிக்ஸின் பெருசுகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

படி 1: ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில். பேனா வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படி 2: பெயரை எழுதி, எதிரே அவருடைய வேலையை ஒரே வரியில் எழுதுங்கள். பலத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. வாட்சர் ஊவாட்டு: பார்ப்பார், தலையிடமாட்டார். (தலையிடாமல் இருந்ததும் அபூர்வம்தான்.) செலஸ்டியல்கள்: உயிரினங்களை மாற்றியமைத்துவிட்டுப் போய், பிறகு தீர்ப்புச் சொல்லத் திரும்பி வருவார்கள். எட்டர்னிட்டி: இந்தப் பிரபஞ்சமே ஆள் உருவில். லிவிங் ட்ரிப்யூனல்: மூன்று முகம், நீதிபதி. ஒன் அபோவ் ஆல்: எல்லாருக்கும் மேலே. லண்டனில் இருந்த தோட்ட முதலாளி மாதிரி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரும் பார்த்ததில்லை. 2004-இல் ஒருமுறை தலைகாட்டினார், ஓவியர் ஜாக் கிர்பியின் சாயலில், கையில் பென்சிலோடு!

படி 3: கலாக்டஸில்தான் எல்லாரும் சறுக்குவார்கள், இங்கே நிதானமாகப் போங்கள். 1966-இல் ஸ்டான் லீயும் கிர்பியும் கொண்டுவந்தபோது அவர் கிரகங்களைப் பசியாறுகிற ராட்சசன். முன்னால் போய் இடம் பார்க்க சில்வர் சர்ஃபர். வில்லன் என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். 1984-இல் வந்த ஒரு கதையில், சாகக் கிடந்த கலாக்டஸைக் காப்பாற்றியதற்காக, ஃபென்டாஸ்டிக் ஃபோர் நாயகர் குழுவின் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் மீது விசாரணை நடக்கிறது. அங்கே எட்டர்னிட்டியே தோன்றி, கலாக்டஸ் பிரபஞ்சத்துக்குத் தேவை என்று எல்லாருக்கும் உணர்த்துகிறது. எனக்கு இது மறுநடவு மாதிரிப் படுகிறது. பால் வற்றிய கித்தா (ரப்பர்) மரத்தைச் சாய்த்தால்தான் புதுக் கன்று வைக்க முடியும் என்பது துரையின் கணக்கு. அந்த மரத்தடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தக் கணக்கு புரிந்தாலும் வலிக்காமல் இருக்காது. அதனால் கலாக்டஸை எட்டர்னிட்டிக்கு அருகில், அரைப்படி கீழே வையுங்கள்.

படி 4: ஏணி வரையுங்கள். உச்சியில் ஒன் அபோவ் ஆல், அடுத்து ட்ரிப்யூனல், பிறகு எட்டர்னிட்டியும் அதன் இணையான, மரணமே ஆள் உருவில் வரும் டெத்தும், அப்புறம் கலாக்டஸ், செலஸ்டியல்கள். வாட்சரை ஓரமாக எழுதுங்கள்.

படி 5: இப்போது தானோஸ். ஏணியில் இடம் தேடாதீர்கள், அவர் ஆபீஸ் சாவியைத் திருடியவர். 1991-இல் ஜிம் ஸ்டார்லின் எழுதிய கதையில், எல்லையற்ற சக்தி தரும் ஆறு கற்களும் கைக்கு வந்ததும் எட்டர்னிட்டியையே வீழ்த்துகிறார். ட்ரிப்யூனல் அசையவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு, 1992-இல்தான், ஆறு கற்களும் இனி ஒன்றாக வேலை செய்யக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. பெரிய இடத்துத் தீர்ப்பு வேறு எப்போது வந்திருக்கிறது?

படி 6: படங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள், ஒரே ஏணியில் கலக்காதீர்கள். 2022-இல் வந்த தோர் படத்தில் எட்டர்னிட்டி வரம் கொடுக்கிற சாமியாகிவிட்டது. காமிக்ஸில் உயிருள்ள கிரகமாக மட்டும் இருந்த ஈகோ, 2017 படத்தில் செலஸ்டியல். 2007-இல் கலாக்டஸைப் புயல் மேகமாகக் காட்டியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. 2025 படத்தில் ஆள் உருவில் வருகிறார். தன் பசியை ஏற்றுக்கொள்ள ஒரு குழந்தையைக் கேட்கிறார். தன் வேலையை வேறொருவருக்குக் கைமாற்றிவிட ஆள் தேடும் கலாக்டஸ், படி 3-க்குப் பொருத்தமான ஆள்.

பென்சில் எதற்கு? பியாண்டருக்காக. 1984-இல் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிறவராக வந்தார். பின்னால் வந்த எழுத்தாளர்கள் அவரை ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். அக்கா மகன் நோட்டில் அந்தப் பெயரை மூன்று முறை அழித்து, தாள் கிழிந்துவிட்டது.